எண்ணூர் முகத்துவாரத்தில் இரண்டாவது சிம்னி

போன கார்த்திகையில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாட்கள் வடசென்னையில் கேமராவுடன் சுற்றினேன். போனதற்குக் காரணம் வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக லீவு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறவள் நான். பர்மாவின் இன்லே ஏரி, ஆஸ்திரியாவின் மலையோர ஊர்கள், ஸ்பிட்டி, கட்ச் என்று லேப்டாப்பில் ஊருக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒருநாள் எதையோ தேடும்போது 'சென்னை' என்ற ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே பதினேழு படங்கள். அதில் ஒன்பது என் ரேஷன் கார்டின் நகல்.

வேளச்சேரியில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வடக்கே நான் போனது ஒரே ஒரு கல்யாணத்துக்கு, அதுவும் மண்டபத்துக்குள் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்ற பெயர்களெல்லாம் எனக்கு டிராஃபிக் செய்தியாகவும் மாசுச் செய்தியாகவும்தான் பழக்கம். சரி, விசா வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், போய்த்தான் பார்ப்போமே என்று வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டேன்.

வெள்ளி விடியற்காலை 4.40க்கு ராயபுரத்தில் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பீட்டர், அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒன்பது மணி வரை கூடவே இருக்க 600 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அங்கிருந்து பத்து நிமிடம்கூட இல்லை. ஏலம் ஐந்து மணிக்குள் சூடு பிடித்துவிடுகிறது. நீங்கள் போனால் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள், அந்தத் தண்ணீர் பட்ட செருப்பை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

மீனை விட எனக்குப் பிடித்தது ஐஸ்தான். ஆள் உயர ஐஸ் பாளங்களை மெஷினுக்குள் தள்ளுகிறார்கள். அது அரைபட்டு ஒரு குழாய் வழியாகப் படகுக்குள் சீறி விழுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் தூள் பறப்பதை எடுக்க, குழாய்க்கு நேர் எதிரே போய் நின்றேன். கூடை சுமந்து வந்த ஓர் அம்மா என் தோளைப் பிடித்து நகர்த்தினார். "இன்னாமா, மீனு வாங்க வந்தியா, மீனாட்டம் ஐஸ்ல படுக்க வந்தியா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை. படம் எடுப்பவருக்கு அதைவிட நல்லது வேறில்லை.

விடிந்ததும் பீட்டர் பழைய ரயில் நிலையத்தின் தூண்களைக் காட்டினார், சர்ச் வாசலில் நிறுத்தினார், டீ வாங்கச் சொன்னார் (12 ரூபாய், சர்க்கரை தாராளம்). துறைமுகத்தின் கேட் பக்கம் நான் கேமராவை எடுத்தபோது மட்டும் பதறினார். அங்கே எடுக்கக் கூடாது, எடுத்தால் பாதுகாப்புக்காரர்கள் மெமரி கார்டைக் கேட்பார்கள் என்றார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டா மேடம்? அல்லாரும் கேமரா எட்துகினு வந்து கூவத்தையும் குப்பையையுமே எடுக்கிறாங்கோ. கலீஜ் மட்டும்தானா கீது இங்க? நீ இன்னா எடுக்கப் போற?"

நல்லா இருக்கிறதை எடுப்பேன் என்றேன். அந்தப் பதிலில் எனக்கே ஒரு பெருமை இருந்தது.

பகலில் திருவொற்றியூர். ராயபுரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே புடவையில் தூளி கட்டித் தூங்குகிறார்கள். ஒருவர் லாரி நிழலில் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறைகளில் உட்கார்ந்து சிலர் தூண்டில் போடுகிறார்கள். மாஸ்க் கட்டாயம் எடுத்துப் போங்கள். லென்ஸ் துடைக்கும் துணி குறைந்தது இரண்டு வேண்டும், உப்பும் தூசியும் சேர்ந்து கண்ணாடியில் பசை மாதிரி ஒட்டுகிறது. அன்றிரவு தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன், வாடகை 1,100 ரூபாய், வெந்நீர் ஆறு மணிக்குத்தான் வரும் என்றார்கள். எனக்கு அதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருந்தது.

இந்தப் பயணத்தில் நான் எழுதியாக வேண்டியது சனிக்கிழமையைத்தான்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்கிறார்கள். அதையொட்டி நெட்டுக்குப்பம் உட்படச் சில மீனவ ஊர்கள் இருக்கின்றன. நான் போன ஊரின் பெயரையும் அங்குள்ளவர்களின் சரியான பெயரையும் வேண்டுமென்றேதான் விடுகிறேன், ஏன் என்று படிக்கும்போது தெரியும். படகுக்காரரைத் தயாளன் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இரண்டு மணி நேரத்துக்கு 800 ரூபாய். காலை 5.30க்கு ஏறினேன். ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டில் என்னை இறக்கிவிட்டு அவர் படகோடு தள்ளிப் போனார். நான் ஓர் உடைந்த கான்கிரீட் கட்டைமேல் உட்கார்ந்து பெரிய லென்ஸை மாட்டினேன்.

அந்த இடத்தின் அழகை நான் எதிர்பார்க்கவில்லை. மின்நிலையத்தின் சிம்னிகள் பனியில் நீலமாக நின்றன. ஆறு தகடு போலக் கிடந்தது. ஒரு வளைவில் வரிசையாகக் கழிகள் நட்டிருந்தார்கள். அந்தக் கழிகளுக்குப் பின்னால் சிம்னிகள், முன்னால் ஒரு படகு, அதில் ஒருவர் வலை வீசுகிறார். படம் என் மனதில் முடிந்தே போய்விட்டது. இனி தயாளன் வலை வீச வேண்டியதுதான் பாக்கி.

சத்தம் போட்டுக் கேட்டேன். அவர் தயங்கினார். படகைத் திட்டுக்கு அருகே கொண்டுவந்து சொன்னார்.

"வீச்சு வலை எங்க வேணா வீசலாம் மேடம். ஆனா அந்தக் கழிங்க கீற எடம் பாடு. இன்னிக்கி சேட்டு அண்ணன் பாடு. தண்ணி வத்தும்போது அவுரு வந்து வலை கட்டுவாரு. வேற யாரும் அங்க வலையை நனைக்கக் கூடாது."

கேள்வி கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். ஆற்றில் இறால் வரும் நல்ல இடம் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் முறை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு குடும்பம், பதினெட்டு நாளுக்கு ஒருமுறை ஒருவர் பாடு. மழைத் தண்ணீர் இறங்குகிற இந்தப் பருவத்தில் ஒரு பாடு, மற்ற நேரத்தில் ஒரு மாதம் உழைப்பதற்குச் சமம். இடத்தின் எல்லைக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டிய ஒரு கழி நின்றது. முறை இல்லாதவர் அதைத் தாண்டி வலை போட்டால் அவருடைய அடுத்த பாடு போய்விடும், அது நஷ்டப்பட்டவருக்குச் சேரும்.

"என் பாடு திங்கக்கெழம. அன்னிக்கி வாங்க, எவ்ளோ வேணாலும் எட்துக்கலாம்," என்றார்.

திங்கட்கிழமை எனக்கு ஆபீஸ். முடியாது என்றேன். சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கமே நின்று வீசுங்கள், மீனே வேண்டாம், படத்துக்கு மட்டும் என்றேன். அவர் சரி என்று போனார்.

இங்கே இன்லே ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒற்றைக் காலில் நின்று கூடையைத் தூக்கும் மீனவரின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் எடுத்தபோது நின்றவர் மீன் பிடிக்கிறவரே இல்லை, படத்துக்கு நிற்பதுதான் அவருக்கு வேலை. வலது பக்கம் கை காட்டினால் வலது பக்கம் போவார், உயர்த்தினால் கூடையை உயர்த்துவார். அந்தப் பழக்கம் என் கையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. காலை 6.12க்கு வெயில் தண்ணீரில் விழுந்தது. தயாளனின் படகு சிம்னிக்கு இடது பக்கம் தள்ளி, வெறும் வானத்துக்கு முன்னால் இருந்தது. நான் கையை ஆட்டினேன், இன்னும் கொஞ்சம் வலது பக்கம். அவர் வந்தார். இன்னும் கொஞ்சம். வலை விரிந்தது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன், மொத்தம் 143 படங்கள்.

மத்தியானம் லாட்ஜில் உட்கார்ந்து அதில் சிறந்ததை, இடத்தையும் நேரத்தையும் போட்டு, இணையத்தில் ஏற்றினேன். இதுவரை நான் போட்ட எந்தப் படத்துக்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. இன்னொரு நாள் இருக்கலாம் என்று ஞாயிறுக்கும் அறையை நீட்டித்தேன்.

ஞாயிறு காலை 8.15க்குத் தயாளன் போன் செய்தார். "மேடம், அந்தப் போட்டோவ தூக்கிடுங்க. ஊர் குரூப்ல சுத்தினு கீது. சேட்டு அண்ணனுக்கு நேத்து வலையில ஒண்ணும் சரியா வர்ல. நான் அவுரு பாட்டுல வலை போட்டு எறாலக் கலைச்சிட்டேன்னு பஞ்சாயத்துல சொல்லிகீறாரு. பதினோரு மணிக்கு கூப்ட்டுகிறாங்க."

உடனே படத்தை நீக்கினேன். அது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையானது. ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்தது. தப்பில்லை என்றால் படத்தை ஏன் நீக்க வேண்டும் என்ற பேச்சுதான் கூடுதலாகக் கிளம்பியது.

ஆனால் எனக்குப் பயமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது. படம் எடுப்பவர்களுக்குத் தெரியும், பெரிய லென்ஸ் தூரத்தை அமுக்கிவிடும். பின்னால் எங்கோ இருக்கும் கழிகள் படகை ஒட்டி நிற்பது போலத் தெரியும். தயாளன் எல்லைக்கு வெளியேதான் நின்றார், படம்தான் பொய் சொல்கிறது. இதை நேரில் காட்டி நிரூபித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு திருவொற்றியூரில் ரயில் ஏறினேன். டிக்கெட் 5 ரூபாய். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ 80 ரூபாய்.

வலை பின்னும் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஊர்த் தலைவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சேட்டு என்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், களைப்பாகத்தான் இருந்தார். நான் லென்ஸ் சமாசாரத்தைச் சொன்னேன். அதே இடத்தில் உட்கார்ந்து, அதே லென்ஸில், எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். தலைவர் ஒத்துக்கொண்டார். இரண்டு படகில் திட்டுக்குப் போனோம். தயாளன் தன் படகை, தான் நின்றதாக நினைக்கும் இடத்தில், சிவப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்.

கான்கிரீட் கட்டையில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தேன். தலைவர் கேமராவின் திரையைப் பார்த்தார். கழிகள் படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "அட, ஆமா, கிட்டத்துல இழுக்குது," என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். எனக்கு ஜெயித்த சந்தோஷம். சேட்டு மட்டும் தன் போனில் என் பழைய படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இழுக்கறதெல்லாம் சரிமா. இதுல படகு மூக்கு ரெண்டாவது சிம்னில முட்டினு கீது. இங்க மொத சிம்னிகிட்டயே வர்லயே," என்றார்.

லென்ஸ் தூரத்தை அமுக்கும். இடதை வலதாக்காது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தலைவர் தயாளனிடம் நகரச் சொல்லிக் குரல் கொடுத்தார். படகு வலது பக்கம் நகர்ந்தது. முதல் சிம்னி வந்தது. இன்னும் நகர்ந்தது. சிவப்புத் துணி பின்னால் போனது. படகின் மூக்கு இரண்டாவது சிம்னியைத் தொட்டபோது தயாளன் எல்லைக்குள் இரண்டு படகு நீளம் போயிருந்தார். அவரே திரும்பி அந்தத் துணியைப் பார்த்த பார்வையில், தான் அவ்வளவு உள்ளே போனது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது என்று புரிந்தது. முந்தின நாள் அவர் துணியைப் பார்த்துத் துடுப்புப் போடவில்லை, என் கையைப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

"நான்தான் கை காட்டினேன்," என்றேன். அதை அங்கே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் சொன்னேன். கார்டிலிருந்த 143 படங்களையும் முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். முப்பத்தெட்டாவது படத்தில் தயாளன் துடுப்பால் சிவப்புத் துணியைச் சுட்டிக்காட்டி, கூடாது என்று தலையை ஆட்டுகிறார். எடுத்தபோது முகம் திரும்பிவிட்டதே என்று எரிச்சலாகி, அழிக்க வேண்டிய படங்களில் அதைச் சேர்த்திருந்தேன். முப்பத்தொன்பதில் அவர் என் பக்கம் பார்க்கிறார். நாற்பதில் படகு நகர்ந்திருக்கிறது.

சேட்டு அந்த முப்பத்தெட்டாவது படத்தை இரண்டுமுறை காட்டச் சொன்னார். "அவன் சொல்லிகீறான். நீதான்மா கேக்கல," என்றார். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் இன்னும் வலித்தது.

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியூர் ஆள் தெரியாமல் செய்ததாக வைத்து இந்த ஒருமுறை விட்டுவிடலாமா என்று சேட்டுவைக் கேட்டார். சேட்டு மறுக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் தயாளன் படகைத் திட்டில் முட்டவிட்டு இறங்கி வந்தார்.

"கை அவங்களுது தலைவரே. துடுப்பு என்னுது. நாளைக்கு சேட்டண்ணனே கட்டட்டும்," என்றார்.

அவ்வளவுதான் பஞ்சாயத்து. திங்கட்கிழமைப் பாடு சேட்டுவுக்குப் போனது. நான் ஏதாவது கொடுக்கிறேன் என்று ஆரம்பித்ததைத் தலைவர் பாதியிலேயே நிறுத்தினார். பாட்டுக்கு விலை வைத்தால் நாளைக்குக் காசு இருக்கிறவன் எல்லாம் கழி நடுவான் என்றார். திரும்பும்போது தயாளன்தான் என்னைக் கரையில் இறக்கினார். அதற்கும் காசு வாங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் எண்ணூருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது, ஆனால் சூரிய உதயத்துக்கு அதை நம்பாதீர்கள். ட்ரோன் வேண்டாம், துறைமுகப் பகுதியிலும் மின்நிலைய வாசலிலும் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஆற்றுப் பக்கம் போனால் படகு பேசுவதற்கு முன்னால், இன்றைக்கு யார் பாடு என்று கேளுங்கள். அவரிடம் போய், அவர் வேலை செய்வதை எடுக்கலாமா என்று அனுமதி வாங்குங்கள். வெளிச்சம் சரியில்லையா, சிம்னி நேராக வரவில்லையா, நீங்கள் இடம் மாறி உட்காருங்கள். படகை நகர்த்தாதீர்கள். இணையத்தில் போடும்போது இடத்தைப் போடாதீர்கள், ஆளிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். இதெல்லாம் இன்லேயில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே என் படத்துக்காக யாருடைய முறை போனதோ, இனிமேல் தெரியவும் போவதில்லை.

தயாளனின் அடுத்த பாட்டை நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து பதினெட்டாவது நாள், வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மாலையே துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். விடிய விடிய மழை. யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. காலை ஏழு மணிக்கு அவருக்குப் போன் செய்தேன், என்ன பேசுவது என்று தெரியாமலே செய்தேன். தள்ளிப்போன பாட்டை மறுநாள் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மறுநாள் இன்னொருவர் முறை என்றார். இன்னும் பதினெட்டு நாள்.

என்னால்தான் இது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"பொயலுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். வுடுங்க," என்றார். பிறகு, "அடுத்த தபா வாங்க. கைய மட்டும் ஆட்டாதீங்க."